யோன் துரை சயாமில் சாகவில்லை

1

சென்ற மாதம் என் மகன் என்னைக் கோல்ப் கிளப்பின் முன்வாசலால் உள்ளே அழைத்துப் போனான். அந்தக் கட்டடம் எனக்குப் பழக்கமானது, முன்வாசல்தான் புதிது. என் காலத்தில் கிளாக்கர்மாருக்குச் சமையற்கட்டுக் கதவு. கையொப்பத்துக்குக் கடதாசி கொண்டுபோனால், துரை குடித்து முடிக்கும்வரை அந்தக் கதவடியில் நிற்க வேண்டும். இப்போது என் மகன் அங்கே கமிட்டிச் செயலாளர். காவலாளி எனக்குச் சலாம் வைத்தான். முன்னேற்றம் என்பது கதவு மாறுவது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் கோல்ப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சிறு பந்தைத் தடியால் அடித்து, தூரத்தில் இருக்கும் குழிக்குள் விழுத்த வேண்டும். அவ்வளவுதான். அதற்கு ஒரு கிராமம் குடியிருக்கக்கூடிய நிலம் தேவைப்படுகிறது.

கிளப்பின் ஆண்டு விழா அது. சுவரில் புதிதாக ஒரு தேக்குப் பலகை மாட்டியிருந்தார்கள். கிளப்பில் சம்பளத்துக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த ஆட்டக்காரர்களின் பெயர்கள், பொன் எழுத்தில். முதற்பெயர்: யோன், தகப்பன் பெயர் ஐனார், ஐஸ்லாந்து. சயாம் இரயில் பாதையில் மரணம்.

"அப்பா, இந்த ஆள் வெள்ளைக்காரன்தானே லா? ஏன் எஸ்டேட் ஆளுங்க மாதிரி அப்பா பேரோட எழுதியிருக்கு?" என்றான் மகன்.

"எங்கையிருந்து எடுத்தனி உந்தப் பெயரை?"

"எஸ்டேட் ஆபிஸ்ல பழைய ஃபைல். சயாம் போனவங்க லிஸ்ட். கையெழுத்துகூட உங்களுது மாதிரியே இருந்துச்சு."

"மாதிரியில்லையடா. என்ரைதான்."

அவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். யாரோ எங்களைப் பலகைக்குக் கீழே நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள்.

யோன் சயாமில் சாகவில்லை. அந்தத் திசையில் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. அவருடைய பெயரில் வேறொருவன் செத்தான். அந்தப் பெயரை அவனுக்குக் கொடுத்தவன் நான். அவன் மனைவி அஞ்சலை இன்னும் உயிரோடு இருக்கிறாள். புருஷன் செத்தான் என்று அந்த விழா நாள்வரை அவளுக்கு எவரும் எழுத்தில் கொடுத்திருக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டியவனும் நான்தான்.

2

யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி நான் வந்து சேர்ந்தது மலாயாவில் லாபுவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்துக்கு. கிளாக்கர் வேலை. தோட்டத்தில் அதற்குக் கிராணி என்று பெயர். எல்லைக்கு அப்பால், சுற்றுவட்டாரத் தோட்டத் துரைமார் சேர்ந்து ஒன்பது குழியோடு ஒரு கோல்ப் மைதானம் வைத்திருந்தார்கள். ரப்பர் விலை ஏறிய ஒரு வருடத்தில், தங்களுக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஸ்கொத்லாந்துக்காரனைக் கேட்டால் சம்பளம் அதிகம். அதனால் மலிவாக ஓர் ஐஸ்லாந்துக்காரர் வந்தார்.

யோனின் தொழில் வரலாறு ஒரு விபத்தில் தொடங்குகிறது. மீன்பிடிக் கப்பலில் கால் முறிந்து, பதினாலு வயதில் ஸ்கொத்லாந்துத் துறைமுகம் ஒன்றில் இறக்கிவிடப்பட்டவர். நடக்க முடிந்ததும் கடற்கரை மைதானத்தில் பை தூக்கினார். பிறகு தடி செய்யும் பட்டறையில் வேலை பழகினார். அந்தக் கரையில் காற்று ஓயாது. அங்கே பந்தைக் காற்றுக்கு அடியில், தரையோடு அடிக்கக் கற்றுக்கொண்டார். அதை நம்பி இங்கே வந்தால் காற்றே இல்லை. புழுக்கமும் சகதியும்தான். பந்து விழுந்த இடத்திலேயே புதைந்துவிடும். இருபத்தெட்டு வயதில் தன் தொழிலை அவர் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

படித்தார். ஒருமுறை சிங்கப்பூர்ப் போட்டியில் நாலாவதாக வந்தார். துரைமார் பெருமையோடு அவருக்கு ஒரு கிண்ணம் பிராந்தி கொடுத்தார்கள். கொடுத்த இடம் சமையற்கட்டுக் கதவடி. சம்பளத்துக்கு விளையாடுகிறவன் கிளப் மண்டபத்துக்குள் வரக்கூடாது என்பது விதி. வெள்ளைத் தோல் அவரைக் கதவுவரை கொண்டுவந்தது. தொழில் அங்கேயே நிறுத்தியது. அந்தக் கதவடியில்தான் எங்கள் பழக்கம் ஏற்பட்டது.

அவருக்குப் பை தூக்கியவன் சடையன். பால் வெட்டும் தொழிலாளி, கலியாணமானவன். வெட்டு முடிந்த பிற்பகல்களில் மைதானத்துக்கு வருவான். உடைந்த தடி ஒன்றை யோன் அவனுக்கு வெட்டிக் கொடுத்திருந்தார். சகதியிலிருந்து பந்தைக் கிளப்பி, மூன்று துள்ளலில் குழியருகே கொண்டுபோய் நிறுத்த அவன் ஒரு வழி வைத்திருந்தான். மணிக்கட்டை மடக்காமல், மண்வெட்டியால் வாய்க்கால் இழுப்பதுபோல ஓர் இழுப்பு. யோன் அதை ஆறு மாதம் அவனிடம் படித்தார்.

"தொரை, குனிஞ்சா மட்டும் போதாது, மண்ணை மதிக்கணும்" என்பான் சடையன். "நீங்க ஐஸுல பொறந்தவரு, மண்ணு எங்க பாத்தீங்க?"

யோனுக்கு அதில் பாதி புரியும். "மண் பாகுஸ்" என்பார். பாகுஸ் என்றால் மலாயில் நல்லது.

தோட்டத்தில் எல்லோரும் அவரை ஐஸ் தொரை என்றார்கள். ஊருக்குத் திரும்பிப்போய், ஆட்டத்தைத் தொழிலாகவே கொண்டு பிழைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அங்கே அப்போது அப்படிப் பிழைக்க வழியில்லையாம். "எரிமலைக் கல்லில் புல் வளர்க்க வேண்டும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

3

ஜப்பான்காரர் வந்தபோது துரைமார் தெற்கே ஓடினார்கள். கிளப் மண்டபத்தில் குவளைகள் பாதி நிரம்பியபடி இருந்தன. யோனை அழைத்துப் போக ஒருவருக்கும் நினைவு வரவில்லை. முன்வாசலால் ஓடியவர்களுக்குப் பின்கதவில் நின்றவர் கண்ணில் படவில்லை.

வெள்ளையர் எல்லோரையும் பிடித்து அடைக்கிறார்கள் என்று செய்தி வந்தது. யோனின் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்தேன். டென்மார்க் அரசரின் முத்திரை; ஐஸ்லாந்துக்கும் அப்போது அவரே அரசர். டென்மார்க் ஜெர்மனியின் பிடியில் இருந்தது. ஜெர்மனி ஜப்பானின் சிநேகிதன். ஆகவே இவர் சிநேகிதனின் பிடியில் உள்ளவரின் பிரஜை, எதிரியல்ல. இதை நாலு பந்தியில், பணிவான ஆங்கிலத்தில் எழுதி, சிரம்பான் பட்டணத்தில் ஜப்பான் அதிகாரிகளின் கந்தோரில் மூன்று முறை குனிந்து வணங்கிக் கொடுத்தேன். ஐஸ்லாந்தில் அப்போது பிரிட்டிஷ் படை நின்றது எனக்குத் தெரியும். கேட்கப்படாத கேள்விக்குப் பதில் எழுதக்கூடாது என்பது கந்தோர் ஒழுங்கு.

யோனுக்குக் கைப்பட்டையும் ஒரு பத்திரமும் கிடைத்தன. தோட்டத்தில் இருக்கலாம், ஆனால் தொழிலாளர் இடாப்பில் பெயர் இருந்தால்தான் அரிசி. அந்த இடாப்பைத் தோட்டத்தில் செக்ரோல் என்பார்கள். திறந்தேன். பெயர், தகப்பன் பெயர், கலியாணமானவரா என்று கட்டங்கள்.

"உங்கள் குடும்பப் பெயர்?"

"அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது. நான் யோன். ஐனாரின் மகன். என் மகன் யோனின் மகன்."

நான் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தேன். என் புத்தகத்தின் கட்டங்களில் அடித்தல் திருத்தலின்றிப் பொருந்திய ஒரே ஐரோப்பியர் அவர்தான். முனியன் மகன் குப்பன், வீரன் மகன் சடையன், ஐனார் மகன் யோன். கலியாணம் ஆகாதவர். எழுதி முடித்தபோது எனக்கு அது அழகாகவே தெரிந்தது.

மைதானம் முழுவதையும் கொத்தி மரவள்ளி நடச் சொல்லி உத்தரவு வந்தது. யோனும் சடையனும் ஒன்பதாம் குழியிலிருந்து தொடங்கினார்கள். குழியைச் சுற்றிக் கம்பளம்போல வளர்த்த புல்லை யோன் கடைசிவரை விட்டுவைத்திருந்தார். பிறகு ஒரு காலையில் அதையும் அவரே கொத்தினார்.

"நல்லா வெளையும் தொரை. இத்தன வருசம் ஒரமில்ல போட்டு வளத்தீங்க" என்றான் சடையன்.

4

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். இப்போதெல்லாம் காலையில் ஆறரைக்கு நடை, ஏழரைக்குப் பேப்பர், எட்டுக்கு மாத்திரை. பேரப்பிள்ளைகள் என்னை அப்பு என்று கூப்பிடுவதில்லை. இங்கத்தைய வழக்கப்படி தாத்தா, அதுவும் ஆங்கில உச்சரிப்பில். குடியுரிமை எடுத்தபோது என் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று பதிந்துவிட்டார்கள். அதனால் அரசாங்கக் கடிதங்கள் எல்லாம் செத்துப்போன என் ஐயாவின் பெயருக்கு வருகின்றன. திருத்த ஒன்பது மாதமாகும், மூன்று பத்திரங்கள் வேண்டும். எவை என்று எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை. பெயர் மாறிப்போவதைப் பற்றி முறையிடும் உரிமை எனக்கில்லை.

5

ஆள் கேட்டு உத்தரவு வந்தது. சயாமில் இரயில் பாதை போட இருபது பேர், மூன்று மாத வேலை, கலியாணம் ஆகாதவர்கள் முதலில். நாளை காலைக்குள் பெயர்ப்பட்டியல், மூன்று பிரதி.

எனக்கு அன்று மலேரியாக் காய்ச்சல். ஆனாலும் அதைச் சாட்டாகச் சொல்ல மாட்டேன். காய்ச்சல் இல்லாமலும் நான் அப்படித்தான் செய்திருப்பேன். செக்ரோலைத் திறந்து, கலியாணம் ஆகாதவர்களின் பெயர்களை வரிசையாக எழுதினேன். ஒருவரைத் தாண்டி இன்னொருவரை எழுதினால் கைக்கூலி வாங்கினான் என்பார்கள். அதனால் தாண்டாமல் எழுதுவதே என் பெருமை. பதினேழாவதாக ஐனார் மகன் யோனை எழுதினேன். ஒரு வருடமாக நானே கூப்பிட்டுப் பழகிய பெயர். என் எழுத்தில் அது மற்றப் பெயர்களைப் போலவே இருந்தது. பெயர்களை எழுதினேனே தவிர ஒரு முகத்தையும் நினைக்கவில்லை.

பட்டியல் சைக்கிளில் போனபிறகு, பிற்பகலில் பிரதியைப் பார்த்தேன். உடனே சிரம்பானுக்குப் போனேன். ஜப்பான் அதிகாரியின் மொழிபெயர்ப்பாளர், பட்டியலில் விழுந்த முத்திரையைக் காட்டி, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"சாப் விழுந்தாச்சு கிராணி. திருத்தினா பொய் லிஸ்ட். பொய் லிஸ்டுக்கு என்ன தண்டனைன்னு பாலத்துல நட்டிருக்காங்க, வர்ற வழியில பாக்கலயா?"

பார்த்திருந்தேன். மூன்று தலைகள்.

"இருபது பேர் கூப்பிடுவாங்க. இருபது பேர் 'இருக்கேன்'னு சொல்லணும். யார் சொன்னா என்ன லா?"

தோட்டத்துக்குத் திரும்பி யோனிடம் சொன்னேன். "என் பெயர்தானே, நான் போகிறேன்" என்றார். கூலிகளின் வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் நின்றால், முதலில் அவருடைய பத்திரத்தைக் கேட்பார்கள்; பிறகு அதை எழுதிக் கொடுத்தவனைக் கேட்பார்கள். இதை அவருக்கு விளக்கினேன். அவர் மறுபடி ஒருமுறை வற்புறுத்தவில்லை. அதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. நானும் அவர் வற்புறுத்தக் கூடாதென்றே விரும்பினேன்.

யாரை அனுப்புவது? அந்தப் பெயரைக் கூப்பிட்டால் தடுமாறாமல் தலை நிமிர்த்தக்கூடியவன் தோட்டத்தில் ஒருவன்தான். மைதானத்தில் துரைமார் அதைக் கூப்பிடுவதை நாளுக்கு நூறு தடவை காதால் கேட்டவன். சடையனை அழைத்தேன். அஞ்சலையும் கூட வந்தாள்.

"கல்யாணம் ஆனவரத் தொடமாட்டாங்கன்னு தண்டோரா போட்டீங்களே, கிராணியாரே" என்றாள் அஞ்சலை.

"இவன் பெயர் போகாது. இவன் பெயர் இங்கேயே இருக்கும். யோன் துரையின் பெயர்தான் போகும். சடையனுக்கு உள்ள அரிசி உனக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும்."

சடையன் அஞ்சலையின் கால்களைப் பார்த்தான். அந்த நேரத்தில் தோட்டத்தில் மரவள்ளி மட்டும் தின்று கால் வீங்காதவர்கள் குறைவு. அஞ்சலைக்கு ஏற்கெனவே வீங்கியிருந்தது.

"மூணு மாசந்தானே?"

"உத்தரவில் அப்படித்தான் போட்டிருக்கிறது."

"சரி புள்ள, விடு" என்றான் அஞ்சலையிடம். "இத்தன வருசம் தொரையோட பையத் தூக்கினேன். மூணு மாசம் பேரத் தூக்க மாட்டேனா? பையவிடக் கனமாவா இருக்கும்?"

லாரி வந்தது. பதினேழாவது பெயரைக் கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று உரக்கச் சொல்லி ஏறினான். என் பட்டியலில் ஒரு பிழையும் இல்லை என்று அதிகாரி தலையசைத்தார்.

6

மூன்று மாதம் இரண்டு வருடமாயிற்று. விடியலில் தொழிலாளரை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். ஜப்பான்காரரின் ரோக்கியோ நேரப்படி மணியடித்ததால் இருட்டிலேயே பெரட்டு நடக்கும். "வீரன் மகன் சடையன்" என்று நான் கூப்பிடுவேன். இருட்டிலிருந்து ஓர் ஐஸ்லாந்துக் குரல், சரியான தமிழில், "இருக்கேன்" என்று சொல்லும். யோன் சடையனின் பெயரில் மரவள்ளி கொத்தினார். அரிசியை அஞ்சலையின் வாசலில் வைத்துவிட்டு, கிழங்கை அவித்துத் தின்றார். அவர் பத்திரம் ஒரு கந்தோரில், என் செக்ரோல் இன்னொரு கந்தோரில். அடுத்தடுத்த அறைகளில் இருந்தும் அந்த இரண்டு கோப்புகளும் சந்திக்கவேயில்லை.

சண்டை முடிந்து, இருபது பேரில் இரண்டு பேர் திரும்பினார்கள். ஒருவன் குப்பன். கந்தோர் வாசலில் உட்கார்ந்து சொன்னான்:

"வாந்திபேதிங்க. ஒரே நாளுதான். பொழுது எறங்கறப்ப, 'டேய், நான் யோன் இல்லடா, சடையன், எழுதிக்குங்கடா'ன்னு கத்தினான். யாருங்க எழுதுறது? எழுதறவனுக்கே காச்சல்."

பிறகு உத்தியோகபூர்வப் பட்டியலும் வந்தது. ஐனார் மகன் யோன், மரணம். அதே வாரம் யோன் தன் கடவுச்சீட்டோடு சிரம்பானுக்குப் போய்ப் பிரிட்டிஷ் அதிகாரி முன் நின்றார். கப்பல் அனுமதி உடனே கிடைத்தது. கடவுச்சீட்டு பார்ப்பவர்கள் கூலிப் பட்டியல் பார்ப்பதில்லை. போகுமுன் அஞ்சலையின் வாசலில் வெகுநேரம் நின்றார். அவள் கதவைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அஞ்சலை கந்தோருக்கு வந்தாள்.

"குப்பன் சொல்றான், செத்துட்டாருன்னு. லிஸ்டுல அவரு பேரே இல்லைங்கறாங்க. ஒரு கடுதாசி குடுங்க கிராணியாரே. நான் தலைமுழுகித் தாலிய எறக்கணுமா, இல்ல காத்துக்கிட்டு இருக்கணுமா?"

என்னால் கொடுக்க முடியவில்லை. செக்ரோலின்படி சடையன் உயிரோடு இருந்தான். இரண்டு வருடம் ஒருநாள்கூடத் தவறாமல் பெரட்டுக்கு வந்திருந்தான். என் கையெழுத்தே சாட்சி. அதைத் திருத்த ஒரு வழி இருந்தது. நான் பொய்ப் பட்டியல் கொடுத்தேன், பொய் வரவு எழுதினேன் என்று ஒரு சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். அதோடு என் வேலை போயிருக்கும். திரும்பி வந்த துரைமார் அப்போது யார் யார் எப்படி நடந்தார்கள் என்று விசாரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

"ஏழு வருடம் காணாமற்போனால் செத்தவராகக் கொள்ளலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. பொறு" என்றேன்.

"ஏழு வருசமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பிறகு தோட்டத்தை விட்டு, கெமாசில் இரயில்வேயில் இருந்த தம்பியோடு போய்விட்டாள். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்த மனுவை எழுத வேண்டியவனும் நானே. எழுதவில்லை.

யோன் வருடத்துக்கு ஒரு கடிதம் போட்டார். நினைத்ததைச் சாதித்திருந்தார். எரிமலைக் கல்லின்மேல் மண் பரப்பிய ஒரு மைதானத்தில் அவர் ஆட்டக்காரர். முழங்கால் கைவிடும்வரை போட்டிகளில் ஆடினார், பிறகு சொல்லிக்கொடுத்தார். ஈரமண்ணிலிருந்து பந்தை இழுத்து மூன்று துள்ளலில் நிறுத்தும் அடிக்கு அங்கே பிள்ளைகள் 'சடையன்' என்றே பெயர் சொல்வார்களாம். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரே கேள்வி: அவன் பெயரைத் திருத்தினாயா? ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் எழுதினேன்: ஆவன செய்யப்படும். சில வருடங்களாகக் கடிதம் வருவதில்லை.

7

விழா முடிந்து வீடு திரும்பும்போது, காரில் வைத்து மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் காரை ஓரமாக நிறுத்திக் கேட்டான். நல்ல பிள்ளை. கடைசியில் என் கையைத் தட்டிக்கொடுத்தான்.

"பாவம்தான் லா. ஆனா பலகை தீர்மானம் போட்டுச் செஞ்சது அப்பா. மாத்தணும்னா கமிட்டியில வைக்கணும். நீங்க ஒர்ரி ஆகாதீங்க, பாத்துச் செய்வோம்."

ஆவன செய்யப்படும். என் மகன் என்னைப்போல இல்லை என்று இவ்வளவு காலமும் கவலைப்பட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் நானே உட்கார்ந்து சத்தியக் கடதாசியை எழுதினேன். இரண்டு பக்கம். சத்திய ஆணையாளர் முன் கையொப்பமிட்டேன். அவர் வாசிக்காமலே முத்திரை குத்தினார். பிறகு கெமாசுக்கு இரயிலேறினேன்.

இரயில்வே வீடுகளுக்குப் பின்னால் ஒரு பலகை வீடு. அஞ்சலையின் தலை பஞ்சாக நரைத்திருந்தது. நெற்றியில் பொட்டு. கழுத்தில் மஞ்சள் கயிறு, புதிதாக மாற்றியது.

"அட, லாபு கிராணியாரா? பல்லெல்லாம் எங்க போச்சு?" என்றாள். "ஒக்காருங்க, கோப்பி போடறேன்."

முதலில் வாசிக்கிறேன் என்றேன். ஆங்கிலத்தில் இருந்ததை நின்றபடியே தமிழில் சொன்னேன். யோன் என்ற பெயரில் போனவன் வீரன் மகன் சடையன், பால்வெட்டுத் தொழிலாளி, அஞ்சலையின் புருஷன். அவனை அனுப்பியவன் நான். பட்டியலில் யோன் மரணம் என்றிருப்பது சடையனின் மரணம். சாகும்போது தன் பெயரைச் சொன்னான், எழுதச் சொன்னான். இதுநாள்வரை அதை எழுதாதவன் நான்.

முடிந்ததும் அவள் கடதாசியை வாங்கி, முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுல அவரு பேரு எங்க இருக்கு?"

காட்டினேன்.

"பேரச் சொன்னாரா?"

"சொன்னானாம். கத்திச் சொன்னானாம்."

"முப்பது வருசமா இத மனசுல வச்சிருந்தீங்களா?"

அவள் கடதாசியை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினாள்.

"அப்ப இன்னிக்குத்தான் செத்தாரு" என்றாள். குரலில் கோபமில்லை, கேள்வியுமில்லை. "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க, கிராணியாரே."

பின்கதவுக்கு வெளியே வந்து நின்றேன். கதவு சாத்தப்பட்டது. அழுகைச் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. உள்ளே தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு வாளி. இன்னொரு வாளி. பழக்கத்தில் எண்ணத் தொடங்கினேன். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.